என்.எஃப்.எல். டிராஃப்ட்டில் நம் அணி எடுத்தவர்கள் சரியான ஆட்கள்தானா என்று ஒரு சாதாரண ரசிகர் எப்படிக் கணிப்பது?

கேள்வி கேட்டவர் அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். பார்க்கத் தொடங்கி ஓராண்டுதான் ஆகிறதாம். டிராஃப்ட் (கல்லூரி வீரர்களை அணிகள் முறை போட்டு எடுக்கும் நிகழ்ச்சி) முடிந்த மறுநாளே ஒவ்வோர் அணிக்கும் ஏ, பி, சி என்று மார்க் போட்டுவிடுகிறார்களே, அதை நம்பலாமா, நாமே மதிப்பிட ஏதாவது வழி உண்டா என்கிறார்.

சுருக்கமான பதில்: மறுநாள் மார்க்கை நம்ப வேண்டாம். டிராஃப்ட் நடக்கும் இரவிலேயே உங்கள் கருத்தைக் காரணத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று வருடம் கழித்து எடுத்துப் படியுங்கள். எடுத்த ஆள் எப்படி ஆடினார் என்பதோடு நிறுத்தாமல், அணிக்கு அன்று இருந்த காரணம் சரியா, உங்களுக்கு இருந்த காரணம் சரியா என்றும் பாருங்கள்.

நீளமான பதில் கீழே. நான் டெட்ராய்ட் லயன்ஸ் ரசிகன், அதனால் உதாரணமெல்லாம் லயன்ஸ்தான்.

வேலைக்காக மிச்சிகனுக்கு வந்தது 2008இல். அந்த சீசனில் லயன்ஸ் ஆடிய பதினாறு ஆட்டங்களிலும் தோற்றது. பதினாறு ஆட்ட சீசன் வந்த பிறகு எந்த அணிக்கும் அதுவரை அப்படி நடந்ததில்லை. அந்த வருடத் தேங்க்ஸ்கிவிங்குக்கு அலுவலக நண்பர் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். தேங்க்ஸ்கிவிங் அன்று லயன்ஸ் தன் ஊரில் ஆடுவது 1934இலிருந்து வரும் வழக்கம். டென்னசி டைட்டன்ஸ் 47, லயன்ஸ் 10. நண்பரின் அப்பா கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது குவார்ட்டரில் மெதுவாக எழுந்து, வான்கோழித் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போகும்போது சொன்னார்: "ஏப்ரல் வரட்டும்."

எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. ஏப்ரலில்தான் டிராஃப்ட் என்று நண்பர் விளக்கினார். தோற்கும் ஊரில் ரசிகர்களுக்கு வருடத்தின் பெரிய நாள் அதுதான்.

டிராஃப்ட் எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. கல்லூரியில் ஆடி முடித்த இளைஞர்களை 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் முறை போட்டு எடுக்கின்றன. போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. ஐபிஎல் ஏலம் போலப் பணத்தை ஏற்றிக் கேட்க முடியாது. உங்கள் முறை வரும்போது மிச்சம் இருப்பவர்களில் ஒருவரை எடுக்கலாம், அல்லது அந்த முறையையே வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு வேறு முறைகளை வாங்கிக்கொள்ளலாம். லீகுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் நடந்த 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டாரோ அதை வைத்தே சம்பளம் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. அவருடைய ஒப்பந்தம் நான்கு வருடம். முதல் சுற்றுக்காரர்களை அணி விரும்பினால் ஐந்தாவது வருடமும் வைத்துக்கொள்ளலாம். அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருப்பதால், ஒரு நல்ல ஆள் நான்கு வருடம் மலிவாகக் கிடைப்பது பெரிய விஷயம். மிச்சப்படும் பணத்தில் இன்னும் இரண்டு பேரை வாங்கலாம்.

சரி, மதிப்பீட்டுக்கு வருவோம்.

ரசிகர்கள் எல்லோரும் செய்யும் ஒரு தவறு, பின்னாளில் நடந்ததை வைத்து முன்னாள் முடிவைத் திட்டுவது. இந்த ஊரில் அதற்கு ஒரு வாய்ப்பாடே உண்டு. 2003இல் சார்லஸ் ராஜர்ஸ், 2004இல் ராய் வில்லியம்ஸ், 2005இல் மைக் வில்லியம்ஸ். மூன்று வருடம் தொடர்ந்து முதல் சுற்றில் மூன்று வைட் ரிசீவர்கள் (எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர்கள்). பேர் சொன்னாலே பழைய ரசிகர்கள் தலையில் கை வைப்பார்கள். நானும் இவர்களையெல்லாம் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தேன், நோட்டுப் பழக்கம் வரும்வரை. பிரித்துப் பார்த்தால் ராஜர்ஸ் வேறு, மைக் வில்லியம்ஸ் வேறு.

ராஜர்ஸ் இந்த மண்ணின் பிள்ளை. சாகினாவில் பிறந்து மிச்சிகன் ஸ்டேட்டில் ஆடியவர். இரண்டாவது ஆளாக அவரை எடுத்தபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. முதல் சீசனில் ஐந்து ஆட்டம் முடிந்ததும் காறை எலும்பு முறிந்தது. அடுத்த சீசனில் முதல் ஆட்டத்திலேயே மறுபடியும் அதே எலும்பு. அதன்பின் அவர் எழவே இல்லை. 2019இல் 38 வயதில் இறந்தும் போனார். அவருக்கு அடுத்து மூன்றாவதாக ஹூஸ்டன் எடுத்த ஆண்ட்ரே ஜான்சன் இன்று ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது தலைசிறந்தவர்களின் கௌரவப் பட்டியலில், இருக்கிறார். அதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனாலும் 2003 ஏப்ரலில் உட்கார்ந்து யோசித்திருந்தால் நானும் ராஜர்ஸைத்தான் எடுத்திருப்பேன். முடிவு கெட்டது, காரணம் கெட்டதில்லை.

மைக் வில்லியம்ஸ் கதை அப்படியில்லை. முந்தைய இரண்டு வருடமும் அதே பொசிஷனுக்கு முதல் சுற்றைச் செலவழித்த அணி, தற்காப்பில் ஓட்டையை வைத்துக்கொண்டு பத்தாவது ஆளாக மூன்றாவது ரிசீவரை எடுத்தது. அவரோ அதற்கு முந்தைய 2004 சீசன் முழுவதும் எங்கும் ஆடாமல் உட்கார்ந்திருந்தவர். அடுத்த ஆளாக, பதினோராவதாக, டாலஸ் எடுத்தது டிமார்கஸ் வேர். எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளை, அதாவது பந்தை எறிபவர்களை, பல வருடம் துரத்தித் துரத்தி வீழ்த்தி அவரும் ஹால் ஆஃப் ஃபேம் போய்விட்டார். வேர் அவ்வளவு பெரிய ஆளாக வராமல் போயிருந்தாலும் லயன்ஸ் அன்று செய்தது தவறுதான். அன்றிரவே எழுதி வைத்திருக்கக்கூடிய தவறு அது.

இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

என் நோட்டில் ஒரு தேர்வுக்கு நான்கு வரி எழுதுவேன். யாரை எடுத்தார்கள், அணி சொன்ன காரணம் என்ன, என்ன விலை கொடுத்தார்கள், நானாக இருந்தால் யாரை எடுத்திருப்பேன். நாலாவது வரிதான் முக்கியம். "இவர் வேண்டாம்" என்று சொல்வது சுலபம். வேறு யார் என்று பேர் எழுதும்போதுதான் நமக்கு எவ்வளவு தெரியும் என்பது நமக்கே தெரியவரும். பேனாவால் எழுதுங்கள். மனது பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும், நோட்டு திருத்திக்கொள்ளாது.

2020 பக்கத்தில் மூன்றாவது ஆளாக ஜெஃப் ஒகூடா, கார்னர்பேக் (எதிரணி ரிசீவர்களைத் தடுப்பவர்). "அருமை" என்று அடிக்கோடு போட்டிருக்கிறேன். மறுநாள் பத்திரிகைகளும் ஏறக்குறைய அதையே சொல்லின. இரண்டாவது சீசனின் முதல் ஆட்டத்தில் குதிகால் தசைநாண் அறுந்தது. 2023இல் ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வுக்கு அவரை அட்லாண்டாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒகூடாவை எடுத்ததற்கு அடுத்த வருடம், 2021இல், பொது மேலாளராக பிராட் ஹோம்ஸ் வந்த முதல் டிராஃப்ட்டில் நாலாம் சுற்று, 112ஆவது ஆள்: அமான்-ரா செயின்ட் பிரவுன். என் நோட்டில் அவருக்கு ஒரே வரிதான். "வேகம் போதாது, பார்க்கலாம்." அவருக்கு முன்னால் 16 ரிசீவர்கள் எடுக்கப்பட்டிருந்தார்கள். அந்த 16 பேரின் பெயரையும் கல்லூரியையும் அவர் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார். பயிற்சி முடிந்த பிறகும் இயந்திரம் எறியும் பந்துகளை ஒரு நாளைக்கு 202 என்று கணக்கு வைத்துப் பிடிப்பவர். 2023, 2024 இரண்டு வருடமும் ஆல்-ப்ரோ முதல் அணி, அதாவது அந்தந்த வருடத்தின் மிகச் சிறந்தவர்கள் பட்டியல். அந்த 202ஐ எந்த மார்க் ஷீட்டும் காட்டியிருக்காது. ஆனால் கல்லூரியில் அவரோடு இருந்தவர்களிடம் போய் விசாரித்தவர்களுக்கு ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது. அதன்பிறகு நான் வேகப் புள்ளிவிவரத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன்.

இனி 2023. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்த ஒரு பக்கத்தில்தான்.

லயன்ஸுக்கு ஆறாவது முறை இருந்தது. அது எப்படி வந்தது என்பதே தனிக் கதை. 2021இல் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்து, அவர்களின் குவார்ட்டர்பேக் ஜாரட் காஃபையும் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஒரு மூன்றாம் சுற்றையும் வாங்கினார்கள். ஸ்டாஃபோர்ட் முதல் சீசனிலேயே ராம்ஸுக்கு லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்று கொடுத்தார். அடுத்த சீசனில் ராம்ஸ் 5-12 (ஐந்து வெற்றி, பன்னிரண்டு தோல்வி) என்று சரிந்ததால் அவர்களிடமிருந்து வந்த தேர்வு ஆறாவதாக உயர்ந்தது.

நாங்கள் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். ஆறாவது முறை வருகிறது, லயன்ஸ் அதை அரிசோனாவுக்குக் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டாவதுக்கு இறங்கிவிட்டது. பன்னிரண்டாவதில் ஜமீர் கிப்ஸ், அலபாமா பல்கலைக்கழகம், ரன்னிங் பேக் (பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுபவர்). நோட்டில் நான் எழுதியதை அப்படியே தருகிறேன் (மாண்ட்கோமரியும் ஸ்விஃப்டும் அணியில் ஏற்கெனவே இருந்த ரன்னிங் பேக்குகள்): "வேண்டாம். மார்ச்சில்தான் மாண்ட்கோமரியை எடுத்தோம். ஸ்விஃப்ட் வேறு இருக்கிறார். முதல் சுற்றில் ரன்னிங் பேக் கூடாது. கொன்சாலஸ், கார்னர்பேக்." பதினெட்டாவதில் ஜாக் கேம்ப்பெல், நடு லைன்பேக்கர் (தற்காப்பின் நடுவில் நிற்பவர்). "இரண்டாம் சுற்றில் கிடைத்திருப்பார்." மறுநாள் 34இல் சாம் லபோர்ட்டா, டைட் எண்ட் (எதிரணியை மறிக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்). "சரி." 45இல் பிரையன் பிராஞ்ச். "நல்ல வேட்டை." ஊர் முழுக்க அன்று கேட்ட குரலும் ஏறத்தாழ இதேதான்.

முதல் சுற்றில் ரன்னிங் பேக் கூடாது என்பது சும்மா சொல்வதில்லை. பன்னிரண்டாவது ஆளுக்கு என்ன சம்பளம் என்பது பொசிஷனைப் பார்த்து மாறுவதில்லை. அந்தச் சம்பளம் ஒரு நல்ல டேக்கிளின் (எதிரணியை மறித்துக் குவார்ட்டர்பேக்கைக் காப்பவர்) சந்தை விலையில் சிறு பங்கு. ஆனால் ரன்னிங் பேக்குகளின் சந்தை விலையே குறைவு என்பதால், அவர் பிரமாதமாக ஆடினாலும் அணிக்கு மிச்சமாகும் பணம் கொஞ்சம்தான். அடி வாங்கி அடி வாங்கி அவர்களின் ஆயுளும் குறைவு. இந்த வாதத்தில் இன்றைக்கும் எனக்கு மறுப்பில்லை.

அப்படியானால் என் கணக்கு எங்கே தவறியது?

முதலில், கிப்ஸைத் தனியாக வைத்து எடை போட்டேன். லயன்ஸ் எடுத்தது கிப்ஸை மட்டும் இல்லை. ஆறாவதையும் 81ஆவதையும் கொடுத்து 12, 34, 168 மூன்றையும் வாங்கினார்கள். தேர்வுகளைப் பண்டமாற்று செய்ய ஒரு பழைய புள்ளிப் பட்டியல் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்தபோது டாலஸ் கவ்பாய்ஸில் உருவானது. முதல் தேர்வுக்கு 3000 புள்ளி. அதில் ஆறாவதுக்கு 1600, 81ஆவதுக்கு 185, கூட்டினால் 1785. மறுபக்கம் பன்னிரண்டாவதுக்கு 1200, 34ஆவதுக்கு 560, 168ஆவதுக்கு இருபத்துச் சொச்சம். தராசு நேராக நிற்கிறது. ஆகவே "ஆறாவது தேர்வை வீணாக்கினார்கள்" என்று சொல்லவே இடமில்லை. கேள்வி இதுதான்: ஆறாவதாகக் கிடைக்கக்கூடிய ஒரு டேக்கிளா, அல்லது கிப்ஸும் லபோர்ட்டாவும் சேர்ந்தா? லபோர்ட்டா முதல் வருடமே 86 பந்துகளைப் பிடித்தார். அறிமுக வருடத்தில் எந்த டைட் எண்டும் அதற்குமுன் அவ்வளவு பிடித்ததில்லை. கிப்ஸ் 2024இல் 20 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ப் பெறும் ஸ்கோர்) அடித்து லீகிலேயே முதலிடம். மாண்ட்கோமரியோடு சேர்த்து அவர்களுக்கு சோனிக், நக்கிள்ஸ் என்று வீடியோ கேம் பட்டப்பெயர் வந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வேறு பேர் சொல்வதே இல்லை.

இரண்டாவது, அணி அடுத்து என்ன செய்யப் போகிறது என்று காத்திருக்கவில்லை. ஸ்விஃப்ட் இருக்கிறாரே என்று எழுதினேன். டிராஃப்ட் முடிவதற்குள் அவரை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். முந்தைய சீசனில் தரைவழி டச்டவுன் 17 அடித்து லீகிலேயே முதலில் வந்த ஜமால் வில்லியம்ஸ் ஏற்கெனவே கிளம்பியிருந்தார். அந்த இடத்தில் நிஜமாகவே ஆள் தேவைப்பட்டது. நான் பழைய ஆட்களின் பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நான் கேட்ட கிறிஸ்டியன் கொன்சாலஸைப் பதினேழாவதாக நியூ இங்கிலாந்து எடுத்தது. அவரும் நல்ல கார்னர்பேக்காக வந்துவிட்டார். ஆகவே ஆளைப் பொறுத்தவரை நான் தப்பில்லை. ஆனால் என் நாலாவது வரியில் லபோர்ட்டாவுக்குச் சமமாக ஒருவரும் இல்லையே. அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் உறைக்கும்.

அந்த சீசனில் லயன்ஸ் 12-5. 1993க்குப் பிறகு முதல் டிவிஷன் பட்டம், அதாவது தன் பிரிவில் முதலிடம். ஜனவரியில் எங்கள் ஊருக்கே வந்த ஸ்டாஃபோர்டின் ராம்ஸை 24-23 என்று வென்றோம். 1992 ஜனவரிக்குப் பிறகு கிடைத்த முதல் பிளே-ஆஃப் வெற்றி. முன்பு "ஏப்ரல் வரட்டும்" என்ற பெரியவருக்கு அன்றிரவு போன் போட்டேன். இரண்டு பேருக்குமே பேச்சு வரவில்லை. பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவில் 24-7 என்று முன்னிலையில் இருந்து 34-31 என்று தோற்றது தனித் துக்கம். அதை இங்கே இழுக்கவில்லை.

ஹோம்ஸ் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. அதே 2023இல் மூன்றாம் சுற்றில் எடுத்த குவார்ட்டர்பேக் ஹெண்டன் ஹூக்கரை 2025 ஆகஸ்டில் விட்டுவிட்டார்கள். 2024இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆடிய ஜொவானி மானு என்ற பெரிய உருவ இளைஞருக்காக அடுத்த வருடத்து மூன்றாம் சுற்றைக் கொடுத்தார்கள். ஆள் நன்றாக வந்தாலும் அந்த விலை எனக்கு ஒப்பவில்லை. நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. மாறாக 2022இல் ஜேமிசன் வில்லியம்ஸுக்காக 32இலிருந்து 12க்கு ஏறியபோது எல்லோரும் "இவ்வளவு கொடுத்தார்களே" என்றார்கள். புள்ளிப் பட்டியலில் கூட்டிப் பாருங்கள். கொடுத்தது 32, 34, 66: மொத்தம் 1410. வாங்கியது 12, 46: மொத்தம் 1640. அதுவும் ஒரே டிவிஷனில் இருக்கும் மினசோட்டாவிடமிருந்து. கால் மூட்டு அறுவை சிகிச்சையும் சூதாட்டத் தடையும் தாண்டி 2024இல் அவர் 1001 கெஜம் பிடித்தார். அப்படிப் பிடிக்காமல் போயிருந்தாலும் அந்தப் பேரம் நல்ல பேரம்தான்.

அப்புறம் ஆட்டம் பார்க்கும் முறை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பந்து வைத்திருப்பவரை டிவி காட்டும், நம் கண்ணும் அங்கேயே போகும். ஒரு குவார்ட்டர் முழுக்க ஒரே ஆளைப் பாருங்கள். 2021இல் ஏழாவதாக எடுத்த பெனே சூவல், எண் 58, டேக்கிள். அவர் எதிராளியைத் தள்ளிக்கொண்டு போகும் தூரத்தையும், ஆட்டம் தன் பக்கம் இல்லாதபோதும் ஓடிப்போய் இன்னொருவரை மறிப்பதையும் பார்த்தால் எந்தப் புள்ளிவிவரமும் வேண்டாம். 2022 டிசம்பரில் மினசோட்டாவோடு ஆடும்போது கடைசி நேரத்தில் பந்தை விடாமல் வைத்திருக்க ஏழு கெஜம் தேவை. காஃப் பந்தை எறிந்தது இவருக்கு. 150 கிலோ ஆள், பந்தைப் பிடிப்பது இவர் வேலையே இல்லை. பிடித்து ஒன்பது கெஜம் போனார். ஆட்டம் அங்கேயே முடிந்தது. நான் சோபாவிலிருந்து எழுந்ததில் காபி கொட்டிய கறை கம்பளத்தில் இன்னும் இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். கேட் மேஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் பல வருட டிராஃப்ட்டை ஆராய்ந்தார்கள். (தேலருக்கு 2017இல் பொருளியல் நோபல் கிடைத்தது.) ஒரே பொசிஷனில் முன்னால் எடுக்கப்பட்டவர் அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக வரும் வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேல்தான் என்று கண்டார்கள். வருடம் முழுக்க ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பவர்களுக்கே அந்த நிலை. ஆகவே ஒரே ஒரு தேர்வை வைத்து மேலாளரைத் தூக்கி வைக்கவும் வேண்டாம், போட்டு உடைக்கவும் வேண்டாம். குறைந்தது மூன்று டிராஃப்ட்டைச் சேர்த்துப் பாருங்கள். நிறைய முறை வாங்கிச் சேர்க்கிறாரா, ஒரே ஆளுக்காக எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்கிறாரா என்று கவனியுங்கள். எனக்கு முன்னவரைத்தான் பிடிக்கும்.

2024இல் டிராஃப்ட்டே டெட்ராய்ட்டுக்கு வந்தது. மூன்று நாளில் ஏழே முக்கால் லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள், அதுவரை இல்லாத கூட்டம். முதல் இரவு கேம்பஸ் மார்ஷியஸ் பக்கம் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றேன். லயன்ஸ் 24ஆவதுக்கு ஏறி டெரியன் ஆர்னால்டை எடுத்ததாக அறிவித்ததும் எங்களைச் சுற்றி ஒரே இரைச்சல். வீட்டுக்கு வந்ததும் நோட்டை நீட்டினேன், அவளே எழுதினாள். பெயர், கார்னர்பேக், அலபாமா. காரணம் என்ற இடத்தில் "நமக்குப் பந்தைத் தடுக்க ஆள் இல்லை" என்று எழுதினாள். விலை என்ற இடத்தில் நான் சொல்லச் சொல்ல எழுதினாள். நாலாவது வரியில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இவரையேதான்" என்று எழுதி, கீழே தேதி போட்டாள்.

2027 ஏப்ரலில் அந்தப் பக்கத்தைச் சேர்ந்து திறப்பதாக எங்களுக்குள் பேச்சு. அதுவரை நான் எட்டிப் பார்க்கக் கூடாதாம்.